எவர் மூலமாகவும் எவ்வகையிலும்

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா வேண்டாமான்னு போயும் போயும் என்கிட்டக் கேக்கறீங்க பாருங்க டாக்டருங்க. இந்த ஊருக்கு மாத்தலாகி வந்து எத்தனை நாளாச்சு உங்களுக்கு? மூணு மாசமா. அதான். ஒரு வருசம் இருந்திருந்தீங்கன்னா இந்தக் கேள்விய என்கிட்டக் கேட்டிருக்க மாட்டீங்க. மாட்டாஸ்பத்திரிக்கு வர்ற ஆளுக எவனாவது சொல்லிச் சிரிச்சிருப்பான்.

சித்த உக்காருங்க. எதிர்ல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சர்வர் படுத்துக்கிச்சாமா. உங்க டோக்கன் கூப்பிட எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். உங்க மனைப் பத்திரம் தயார், சாட்சி தயார், பொழுதுதான் போகோணும். சொல்றேன் கேளுங்க.

என் பேரு மருதாசலம்னு போர்டுல பார்த்திருப்பீங்க. பத்திர எழுத்தர், அரசு உரிமம் பெற்றவர். முப்பத்தோரு வருசமா எழுதறனுங்க. நாலு எல்லை பிசகாம, ஒரு எழுத்து மாறாம பத்திரம் எழுதறதுக்கு இந்தச் சுத்துப்பட்டுல ஒரே ஆளு மருதாசலந்தான்னு சொல்லுவாங்க. ஆரு சொல்லுவாங்கன்னு கேக்காதீங்க, நான்தான் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட ஆளு காரு வாங்கினேன். ஆசைக்கு வாங்கலைங்க. இந்த முட்டி இருக்குது பாருங்க, வலது முட்டி, இது தேஞ்சு போச்சு. ரண்டு சக்கர வண்டியத் தொடவே கூடாதுன்னுட்டாங்க. நம்ம தொழிலு ஊடு ஊடாப் போகற தொழிலு. படுத்த படுக்கையா இருக்கற கெழவருகிட்டக் கைநாட்டு வாங்கோணும், தோட்டத்துக்குப் போயி எல்லை பாக்கோணும். காரு இல்லைன்னா எனக்குக் காலே இல்லைங்க. அதனால வாங்கினேன். கம்பெனி குடுத்த வாரண்டி மூணு வருசம். அது முடியறப்ப இன்னும் ரண்டு வருசத்துக்கு நீட்டிக்கலாம்னு சோரூம்ல சொன்னாங்க. மத்தவங்கெல்லாம் காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வருவாங்க. நான் போடுவனா? புத்தகத்தக் குடுங்க, படிச்சுட்டு வாரேன்னு சொல்லிப் பதினாலு பக்கத்தையும் ஊட்டுக்குக் கொண்டாந்தேன்.

இங்கிலீஷ்ல இருந்துச்சுங்க. பொடி எழுத்து. வெள்ளக்காரன் காலத்துப் பத்திரமெல்லாம் படிச்சுப் பழகினவனுக்கு அதெல்லாம் ஒரு விசயமா? நாலு நாள் உக்காந்து, மொத்தத்தையும் தமிழ்ல பெயர்த்தெழுதினேன். பிரிவு ஒண்ணு, பிரிவு ரண்டுன்னு நம்பர் போட்டு, பத்திர நடையில. திருப்தியாகிப் பணங்கட்டி வாரண்டிய நீட்டியும் வாங்கினேன். அதோட நின்னிருக்கலாம். ஜெராக்ஸ் எடுத்தேன். சொந்தக்காரங்கள்ல கார் வெச்சிருக்கற அத்தனை பேருக்கும் ஒவ்வொரு காப்பி குடுத்தேன். கார் இல்லாத ரண்டு பேருக்கும் குடுத்தேன், நாளைக்கு வாங்கினா ஆகும்னு.

அதுல என்ன இருக்குதுன்னு நீங்க கேட்டீங்கல்ல, இப்பவும் பாராமச் சொல்லுவேன். எஞ்சினுக்கு உள்ள இருக்கறது, எண்ணெயில நனைஞ்சு ஓடறது, அது தானாக் கெட்டுப்போனா கம்பெனி பாத்துக்கும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க்ஷாப்ட், வால்வு, சிலிண்டர் ஹெட்டு, ஆயில் பம்பு. இது பிரிவு நாலு. தேஞ்சுதான் போகும்னு தெரிஞ்சே வெக்கற சாமானம் எதுவும் வராது. பெல்ட்டு, பில்ட்டரு, பிளக்கு, கிளட்ச் தட்டு. அது பிரிவு அஞ்சு. அப்பறம் சர்வீஸ், அவிய சொன்ன கிலோமீட்டர்ல, அவிய சொன்ன எடத்துல பண்ணியிருக்கோணும், ஒண்ணு விட்டாலும் போச்சு. தண்ணிக்குள்ள உட்டு எஞ்சின்ல தண்ணி ஏறினாப் போச்சு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆருக்கும் தெரியாதது பிரிவு ஒன்பது. எச்சரிக்கை கெடைச்ச பொறவும் வண்டிய நிறுத்தாம ஓட்டி, அதனால எஞ்சின் கெட்டுப்போனா, கம்பெனி பொறுப்பில்லை. சாவு ஊட்ல கூட உக்காந்து இந்தப் பிரிவு ஒன்பதப் பத்திப் பேசியிருக்கனுங்க. எந்திரிச்சுப் போனவங்கள நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

இப்ப ஆயுத பூஜைக்கு வாரேன்.

உங்க ஊருப்பக்கமும் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வெப்பீங்கல்ல. முன்கண்ணாடில மூணு பட்டை, நாலு டயருக்கும் ஒரு பொட்டு, ஸ்டீரிங்குக்கு ஒண்ணு, கியருக்கு ஒண்ணு. அத்தோட உட்டிருக்கோணும். எனக்கு எதையும் பாதியில உட்டுப் பழக்கமில்லை. வேகங்காட்டற மீட்டர் இருக்குதல்ல, அதான் வண்டிக்கே மூஞ்சி மாதிரி, அதுக்கு வெக்காமப் போனா எப்படின்னு, இந்த வெரலுலதான், நல்லாக் கெட்டியாச் சந்தனத்தக் கொழைச்சு எட்டணா அகலத்துக்கு ஒரு பொட்டு வெச்சேன். மேல குங்குமம். கண்ணாடில எங்க எடம் காலியா இருக்குதுன்னு பாத்துத்தான் வெச்சேன். வேகம் மறைக்கக் கூடாது, பெட்ரோல் மறைக்கக் கூடாது. எடது ஓரத்துல வெறும் கருப்பா ஒரு எடம் இருந்துச்சு, அங்க வெச்சேன்.

அந்தக் காருல எஞ்சின் சூட்டுக்குன்னு முள்ளு கிடையாதுங்க. சூடு மீறினாச் செவப்பா ஒரு லைட்டு எரியும், அவ்வளவுதான். எரியாத நேரத்துல அந்த எடம் வெறும் கருப்பா இருக்கும்.

சந்தனம் காஞ்சா உதுந்துரும்னு நீங்க கேப்பீங்க. ரோஸ் வாட்டர் ஊத்திக் கொழைச்சதால சிமிட்டி மாதிரி புடிச்சுக்கிச்சு. தானா உதுர்ற வரைக்கும் சாமி பொட்ட நாமளா அழிக்கக் கூடாதல்லங்க. மாசியில சர்வீஸுக்கு உட்டப்ப, உள்ள தொடைக்கற ஆளு தெரியாமத் தொடைச்சுப் போடுவான்னு, அந்தச் சர்வீஸ் சீட்டுலயே எழுதிக் குடுத்தேன். 'மீட்டரின் மேல் உள்ள சந்தனப் பொட்டை எக்காரணம் கொண்டும் அழிக்கலாகாது.' கீழ கையெழுத்து, தேதி. என் கையெழுத்துதான். அந்தச் சீட்டும் அவங்க கோப்புல பத்திரமா இருக்குதுங்க.

சித்திரை மாசம். ஊட்டுக்காரியோட அக்கா மகன் சித்தோட்டுல ஊடு கட்டிப் புண்ணியார்ச்சனை வெச்சிருந்தான். காலைல எட்டு மணிக்கு நானும் அவளும் கெளம்பினோம். ஊட்டுக்காரி பேரு துளசிமணி. உங்களுக்கு மோர் கொண்டாந்து குடுத்தாளே, அவதான். முன்சீட்டுல எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா. வண்டில நாங்க ரண்டே பேருதான், அத நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

கோபி தாண்டினதும் என் சகலை சென்னியப்பன் போன் பண்ணினான். துளசியோட தங்கச்சி மாப்பிளை. அவனும் கார் வாங்கியிருக்கறான், அவனையும் சோரூம்ல வாரண்டி எடுங்க எடுங்கன்னு கழுத்த அறுக்கறாங்களாமா. எடுக்கலாமுங்களா அண்ணான்னு கேட்டான். வேற ஆருகிட்டயாவது கேட்டிருக்கலாம். காருக்குள்ளயே ஸ்பீக்கர்ல பேசற வசதி இருக்குதல்ல, நான் ஆரம்பிச்சுட்டேன். பிரிவு ஒண்ணுல இருந்து.

பிரிவு மூணு போய்ட்டிருக்கறப்ப துளசி சொன்னா, "ஏனுங்க, பாகு காச்சற வாசம் வருதுங்க."

"கவுந்தப்பாடி வருதில்ல. அங்க ஊரு பூராச் சர்க்கரைதான் காச்சறாங்க."

"கவுந்தப்பாடிக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர் இருக்குதுங்களே."

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது. பேசிட்டிருக்கறேன்ல."

எஞ்சினக் குளுத்தற தண்ணில ஒரு மருந்து கலக்கறாங்களாமுங்க. அது ஒழுகிச் சூட்டுல பட்டா இனிப்பா, பாகு மாதிரியே வாசம் வருமாமா. எனக்கென்ன தெரியும்? என் பதினாலு பக்கத்துல வாசத்தப் பத்தி ஒரு வரி இல்லை.

பிரிவு நாலு வந்துச்சு. என் பேச்சுலயே எனக்குப் புடிச்ச எடம் அது. பிஸ்டன், வால்வுன்னு ஒவ்வொண்ணா எடுத்து உட்டுட்டிருக்கறேன். துளசி கைய நீட்டி ஏசி முன்னால வெச்சுப் பாத்தா. "ஏனுங்க, ஏசில அனலா வருதுங்க."

"சித்திரை மாசத்துல அனல் வராம பனியா கொட்டும்?"

சகலை அந்தப் பக்கம் சிரிச்சான். ஒருத்தன் சிரிச்சா எனக்கு இன்னும் பத்து நிமிசம் பேச்சு வருமுங்க, அது பொறவியிலயே உள்ள வியாதி.

அப்பத்தான் இன்னொண்ணு கவனிச்சேன். மீட்டர்ல நான் வெச்ச பொட்டு, குங்குமம் செவந்து பளபளன்னு தெரிஞ்சுது. ஆறு மாசத்துப் பொட்டு, நேத்து வெச்சாப்பல இருந்துச்சு. சகலைகிட்டயே சொன்னேன், மாப்ளே, அம்மன் பொட்டு என்னமா சொலிக்குதுன்னு. மனசுக்கு அத்தனை நெறைவா இருந்துச்சுங்க. அந்த நெறைவுல காலு இன்னும் கொஞ்சம் அழுந்துச்சு.

பிரிவு ஏழு. துளசி மூணாவது தடவ சொன்னா. இந்தத் தடவ என் கையத் தொட்டுச் சொன்னா. "ஏனுங்க, முன்னால ஏதோ டக்கு டக்குன்னு அடிக்குதுங்க. ஓரமா நிறுத்துங்க."

சகலையே கேட்டான், "அண்ணா, அவிய ஏதோ சொல்றாப்பல இருக்குதே." நான் சொன்னேன், "அது ஒண்ணுமில்ல மாப்ளே. அப்படியே பிஸ்டனே அடிச்சாலும் நமக்கென்ன, பிரிவு நாலுல வந்துருது."

பிரிவு ஒன்பதச் சொல்ல வாயத் தொறந்தேன். வண்டி மூணு தடவ குலுங்கி நின்னு போச்சு.

பேனட் இடுக்குல வெள்ளையாப் புகை. நான் எறங்கி நின்னு அதையே பாத்துட்டிருந்தேன். ஸ்பீக்கர்ல சகலை அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுட்டே இருந்தான். கட்டி இழுத்துட்டுப் போற வண்டி வர ஒண்ணரை மணி நேரமாச்சு. ஒரு வேலிக்கருவேல நிழலுல ரண்டு பேரும் ஒதுங்கினோம். அந்த ஒண்ணரை மணி நேரத்துல, நான் அப்பவே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை அவ சொல்லலைங்க. சீர் தட்டத்த மடியில வெச்சு ஒரு கல்லு மேல உக்காந்திருந்தா. என்ன இருந்தாலும் நம்ம ஊட்டுக்காரி பெருந்தன்மையானவன்னு நெனச்சுக்கிட்டேன். அவ ரோசனை பண்ணிட்டிருந்திருக்கறான்னு எனக்கு அப்பத் தெரியலை.

சர்வீஸ் சென்டர்ல தனபால்னு ஒருத்தரு, நல்ல மனுசன். எஞ்சினப் பிரிச்சுப் பாத்துட்டு வந்து சொன்னாரு. தண்ணி போகற பைப்பு ஒண்ணு வெடிச்சிருக்குது, தண்ணி பூரா ஒழுகிச் சூடேறி, சிலிண்டர் ஹெட்டு வளைஞ்சு, பிஸ்டன் இறுகிப் போச்சுன்னு. எஞ்சினே மாத்தோணுமாமா. ஆகற செலவச் சொன்னாரு. மக கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசங்கூட ஆகாதப்ப அந்தக் காசுக்கு நான் எங்கீங்க போவேன்? ஆனா எனக்குப் பயமே இல்லை. கால் மேல காலப் போட்டுட்டு, பிரிவு நாலுன்னேன்.

"நாலு சரிதானுங்க. ஒன்பதுதான் ஒதைக்குது. லைட்டு எரிஞ்சும் ஓட்டியிருக்கறீங்களோன்னு கம்பெனில கேப்பாங்க."

"லைட்டே எரியலைங்க."

அவரு போயி வண்டில சாவியப் போட்டாரு. குனிஞ்சு பாத்தாரு, இப்படிச் சாஞ்சு பாத்தாரு. என்னையக் கூப்பிட்டுக் காட்டினாரு. பொட்டச் சுத்தி நூல் மாதிரி ஒரு செவப்பு வெளிச்சம். அம்மன் சொலிச்சது எதனாலன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அந்த மனுசனுக்குச் சிரிப்புத் தாங்கலை, ஆனாச் சாமி பொட்டாச்சே, சிரிக்காம கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

அப்பறம் அவரே வழியும் சொன்னாரு. "ஒரு விதத்துல இது உங்களுக்கு நல்லதுதானுங்க. லைட்டு எரிஞ்சாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிஞ்சே ஓட்டலைன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. கீழ வண்டில கூட இருந்தவங்க ஒருத்தரு சாட்சிக் கையெழுத்துப் போடோணும். பத்து நாளைக்குள்ள அனுப்பிரலாம். பைப்பு வெடிச்சது உங்க தப்பில்லையே, பெரும்பாலும் கெடைச்சிரும்."

எழுதிக் குடுக்கோணுமாமா, சாட்சி வேணுமாமா. ஆருகிட்ட? என்கிட்ட. சந்தோசத்துல ஆட்டோவுக்கு இருபது ரூபா சேத்துக் குடுத்துட்டு ஊடு வந்தேன்.

நம்ம கடை நடைமுறைய உங்களுக்குச் சொல்லோணும். பத்திரத்துக்குச் சாட்சி ரண்டு வேணும். பாதிப் பேரு ஒரு சாட்சியத்தான் கூட்டிட்டு வருவாங்க. கடைக்குப் பொறத்தாலதான் ஊடு. துளசின்னு ஒரு சத்தம் போட்டா, ஈரக்கைய முந்தானையில தொடைச்சுட்டு வந்து நிப்பா. நான் காயிதத்த மடிச்சுக் கையெழுத்துப் போடற எடத்த மட்டும் காட்டுவேன். போட்டுட்டு அடுப்பு வேலைக்குப் போயிருவா. எட்டாவது வரைக்கும் படிச்சவதான். ஆனா ஒரு நாளும் இது என்னதுங்கன்னு கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உங்க மனைக்கு முந்தின பத்திரத்துலயும் அவ கையெழுத்து இருக்கும், எடுத்துப் பாருங்க.

அன்னைக்கு உறுதிமொழிய எழுதினேன். கம்பெனி கேட்டது ஒரு வரி, லைட்டு தெரியலைன்னு. நான் ஒரு வரியோட நிறுத்தினா மருதாசலமா? ஓட்டை ஒடைசல் இல்லாம எழுதிப் பழகின கை. 'மேற்படி வாகனத்தை நான் இயக்கி வந்த நேரத்தில், எனக்கு எவ்வித எச்சரிக்கையும் எவர் மூலமாகவும் எவ்வகையிலும் கிடைக்கப்பெறவில்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' எழுதி முடிச்சு ரண்டு தடவ சத்தமாப் படிச்சேன். எத்தனை அழகான வரி பாருங்க.

துளசின்னேன். வந்தா. மடிச்ச காயிதத்த நீட்டினேன். பேனாவ வாங்கினவ, போடாம நின்னா.

"இது அந்தக் காரு காயிதங்களா?"

"ஆமா."

"சித்த இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வாரேன்."

அவளுக்குக் கண்ணாடி இருக்குதுன்னே எனக்கு அப்பத்தானுங்க ஞாபகம் வந்துச்சு. வந்து உக்காந்து, மடிப்பப் பிரிச்சு, வெரலு வெச்சுப் படிச்சா. கால் மணி நேரமாச்சு. அப்பறம் கேட்டா, "எவர் மூலமாகவும்னு போட்டிருக்கறீங்க. நான் மூணு தடவ சொன்னனுங்களே."

"நீ சொன்னது எச்சரிக்கைல வராது துளசி. எச்சரிக்கைன்னா லைட்டு, மணி, கம்பெனி வெச்சது."

"அப்ப நான் சொன்னது எதுல வருமுங்க?"

முப்பத்தோரு வருசச் சர்வீஸ்ல எந்த ஒரு சொல்லுக்கும் நான் தடுமாறினதில்லை. "அது... பேச்சு"ன்னேன்.

அவ கத்தலைங்க. கோவிச்சுக்கக் கூட இல்லை. பேனாவுக்கு மூடியப் போட்டு மேசை மேல வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. போயி எப்பவும்போல ரசம் வெச்சா. நல்ல ரசம். அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாப் போச்சு.

மூணு நாள் உட்டுப் பாத்தேன். அவ அக்காவ உட்டுச் சொல்லச் சொன்னேன், மாப்பிளைக்குக் கால் போன மாதிரி இருக்குது, ஒரு கையெழுத்துதானேன்னு. அக்கா பேசிட்டு, "மொதல்ல நீங்க ஒரு தடவ அவ சொல்றதக் கேளுங்க"ன்னுட்டு போன வெச்சுட்டாங்க. மகளுக்குப் போட்டேன். "அப்பா, அம்மா சொன்னாங்களா இல்லையா?" "சொன்னா." "அப்பறம் என்னப்பா?" பத்து நாள்ல ஆறு போச்சு.

சரி, தொழில் தெரிஞ்சவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? எவர் மூலமாகவும், எவ்வகையிலும், ரண்டையும் எடுத்துட்டேன். காரு, வெடிச்ச பைப்பு, மறைச்ச பொட்டு எல்லாம் எழுதி, கடைசியா ஒரே வரி. 'எச்சரிக்கை விளக்கு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.' அவ்வளவுதான். இதுல பொய்யுன்னு ஒரு சொட்டு இருக்குதுங்களா? பொட்டு சொலிச்சது தெரிஞ்சுது, வெளக்குத் தெரியலை. கொண்டு போயிக் குடுத்தேன். இந்தத் தடவ நானே கண்ணாடியையும் எடுத்துக் குடுத்தேன்.

படிச்சா. "இது நெசந்தானுங்க"ன்னா. எனக்கு உசுரு வந்துச்சு. உடனே, "ஆனா இதுல நான் எங்கீங்க?"ன்னு கேட்டா.

"நீ கீழ. சாட்சில."

"சாட்சின்னா அந்த எடத்துல இருந்திருக்கோணுமில்லீங்க? இதுல நான் வண்டில இருந்த மாதிரியே இல்லீங்களே. காரு இருக்குது, பைப்பு இருக்குது, பொட்டு இருக்குது. நான் சொன்னது இல்லை." அப்பறம் காயிதத்த மடிச்சு என்கிட்ட நீட்டிட்டுச் சொன்னா, "நடந்தத எழுதுங்க, போடறேன். வேற எதுவும் எனக்கு வேண்டாமுங்க."

கோவம் வந்துச்சுங்க எனக்கு. பொய் சொல்லலை, நெசமா வந்துச்சு. ஊட்டுல ஒருத்தி, இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேக்காம ஆயிரக்கணக்கான பத்திரத்துல போட்டவ, எவனெவன் நெலத்துக்கோ போட்டவ, சொந்தப் புருசன் எஞ்சினுக்குப் போட மாட்டேங்கறா. ராத்திரிச் சோத்தக் கூட பேசாம தின்னேன். பேசாம தின்னதுல அவளுக்கு ஒரு நட்டமும் இல்லைன்னும் தெரிஞ்சுது.

ஒன்பதாவது நாள் உக்காந்து ரோசனை பண்ணினேன். சாட்சிக் கையெழுத்து இல்லைன்னா அனுப்பவே முடியாது, அது நிச்சயம். அவ சொன்னாப்பல எழுதினா என்ன ஆகும்? ஊட்டுக்காரி மூணு தடவ சொன்னா, நான் கேக்கலைன்னு எழுதினா, கம்பெனில என்ன நெனப்பாங்க? சிரிப்பாங்க. அங்கயும் புருசன்மாருதான உக்காந்திருப்பாங்க. பொண்டாட்டி பேச்ச எவன் எச்சரிக்கைன்னு எடுத்துக்குவான்? வாசம் வருதுன்னா, அனலடிக்குதுன்னா, இதெல்லாம் ஒரு கணக்கா? அவளுக்கும் மனசு குளுந்துரும், நமக்கும் எஞ்சின் வந்துரும். என் மூளைய நானே மெச்சிக்கிட்டனுங்க. தனபாலுகிட்டக் கூடக் கேக்கலை. சட்டம் தெரிஞ்சவன் அவருகிட்டக் கேப்பனா?

எழுதினேன். ஒண்ணு உடாம எழுதினேன். 'வெளிச்சம் சந்தனப் பொட்டால் மறைக்கப்பட்டிருந்தது. என் மனைவி திருமதி துளசிமணி, பாகு வாசனை வருவதாகவும், ஏசியில் அனல் வருவதாகவும், எஞ்சினில் சத்தம் கேட்பதாகவும், வாகனத்தை நிறுத்துமாறும் மூன்று முறை கூறினார். நான் கவனிக்கவில்லை.' நான் கவனிக்கவில்லைங்கற வரி மட்டும் பேனாவுல வர மாட்டேன்னுச்சு.

துளசி படிச்சா. 'மூன்று முறை'ங்கற எடத்துல வெரலு கொஞ்சம் நின்னுச்சு. போட்டா பாருங்க கையெழுத்து, முழுசா, துளசிமணி மருதாசலம்னு. நம்ம பத்திரத்துலயெல்லாம் ம. துளசிமணின்னு கிறுக்கிட்டுப் போறவ.

ஒரு மாசங்கழிச்சுப் பதில் வந்துச்சு. நான் தமிழ்ல எழுதினதால அவங்களும் தமிழ்லயே போட்டிருந்தாங்க. பதிவுத் தபால். வாசப்படியிலயே பிரிச்சேன். நிராகரிப்பு. பைப்பு வெடிச்சதுல தகராறு இல்லையாமா, பொட்டுலயும் தகராறு இல்லையாமா. காரணத்த ஒரே பத்தில சொல்லியிருந்தாங்க. அப்படியே நெட்டுரு எனக்கு. 'உடன் பயணித்த திருமதி துளசிமணி அவர்கள் உரிய நேரத்தில் மூன்று முறை தக்க எச்சரிக்கை அளித்தும், ஓட்டுநர் அதைப் பொருட்படுத்தாமல் வாகனத்தைத் தொடர்ந்து இயக்கியுள்ளார். எனவே பிரிவு ஒன்பதின்படி இக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.'

அங்க புருசன்மாரு மட்டும் இல்லை போல இருக்குதுங்க. கீழ கையெழுத்துப் போட்டிருந்தது ஒரு அம்மா.

வண்டி அங்கியே அவங்க ஷெட்டுல நிக்குது. மெல்ல மெல்லச் சேத்து ஒரு நாள் எடுக்கோணும். அது வரைக்கும் டவுன் பஸ்தான். முட்டி ஏற உடாது, கண்டக்டர் கையப் புடிச்சுத் தூக்கி உடறான். நீங்க தாராளமா வாரண்டி எடுங்க டாக்டருங்க. நல்ல வாரண்டி. அவங்க மேல ஒரு தப்பும் சொல்ல மாட்டேன். எழுத்து எழுத்தாப் படிச்சு நடந்துக்கறாங்க, அது ஒண்ணு போதும்.

அந்தக் கடுதாசியத் துளசி என்ன பண்ணினான்னு கேளுங்க. நான் கசக்கி எறியத்தான் போனேன். துளசி உள்ள இருந்து வந்து, என்னங்க போட்டிருக்குதுன்னா. ஒண்ணுமில்ல, இல்லைன்னுட்டாங்கன்னேன். "படிங்க, கேக்கறேன்"ன்னா. கண்ணாடி போடலை. நின்னுட்டே கேட்டா. நான் படிச்சேன்.

"தக்க எச்சரிக்கைன்னா என்னங்க?"

"சொல்ல வேண்டிய நேரத்துல, சொல்ல வேண்டியதச் சரியாச் சொன்னதுன்னு அர்த்தம்."

"அந்த எடத்த மட்டும் இன்னொருக்காப் படிங்க."

படிச்சேன். கண்ணத் தொடைச்சுட்டேதான் படிச்சேன். ஆமாங்க, அழுகைதான், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. எஞ்சினுக்காகத்தான்னு அன்னைக்கு நெனச்சேன். அவ கடுதாசிய வாங்கி, பஜார்ல குடுத்துக் கண்ணாடி மாதிரி லேமினேட் போட்டுட்டு வந்து, ஊட்டுப் பத்திரம் வெக்கற பீரோவுல வெச்சுட்டா. எஞ்சின் கெடையாதுன்னு வந்த கடுதாசிய ஆராச்சும் லேமினேட் போடுவாங்களா, நீங்களே சொல்லுங்க.

எத்தனை ஆயிரம் பத்திரத்துல அவகிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கறேன் இந்த மேசையில. நான் அவளுக்குப் படிச்சுக் காட்டினது அது ஒண்ணுதானுங்க.